எட்டாவது மூட்டை

அத்தியாயம் 11

சீட்டு டப்பா வெள்ளிக்கிழமை காலையில் காலியாக இருந்தது. அதில் எட்டுச் சீட்டுகள் இருந்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமை முப்பது சீட்டுகளில் நானே எழுதி வைத்தேன்: எடுத்த தேதி, ஆற்றின் பெயர், எங்கள் பண்ணை எண். சீட்டு கட்டாத சிப்பி மூட்டை படகுத்துறையைத் தாண்டக் கூடாது. அன்று எடுத்தது இருபத்திரண்டு மூட்டை. எல்லாம் மாலையிலேயே லாரியில் சிட்னிக்குப் போய்விட்டன. மீதி எட்டு. ஆனாலும் காலி டப்பாவைப் பார்த்ததும், நான்தான் தப்பாக எண்ணிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஒரு பொருள் காணாமல் போனால் மற்றவர்கள் திருடனைத் தேடுவார்கள். நான் என்னைத் தேடுவேன்.

செவ்வாய்க்கிழமை கொட்டிய மழை எழுபத்தொரு மில்லிமீட்டர். மேட்டு நிலத்து மாட்டுச் சாணமும் ஊர்ச் சாக்கடையும் ஆற்றில் இறங்கினால், சிப்பி அத்தனையையும் குடித்து உள்ளே வைத்துக்கொள்ளும். அதனால் பெல்லவாரா ஆறு மூடப்பட்டது. சோதனை முடிவு வரும் வரை யாரும் ஒரு சிப்பிகூட எடுக்கக் கூடாது. முடிவு திங்கட்கிழமைதான் வரும். எங்கள் ஊர்ச் சிப்பித் திருவிழாவோ சனிக்கிழமை.

அந்தச் சனிக்கிழமையைத்தான் இப்போது எழுதுகிறேன். எழுதும்போதே கோபம் வருகிறது.

காலை ஆறேகாலுக்கு அப்பா முட்டையின் மேல் உப்பைக் கொட்டிக்கொண்டிருந்தார்.

"அது முட்டையா, உப்பளமா?" என்றாள் அம்மா.

"உப்பே இல்ல, கிளெனிஸ்."

"நாலு தடவ போட்டாச்சு. டாக்டர் கேட்டா நான் என்ன சொல்ல?"

"டாக்டரா திங்கறான்?"

அப்பாவின் சட்டையில் நீல நாடா குத்தியிருந்தது. திருவிழாவின் தலைமை நடுவர். ஒரு மணிக்கு மேடையில் ஐந்து ஆறுகளின் சிப்பிகளை, எது எந்த ஆறு என்று தெரியாமல், எண் போட்ட தட்டுகளில் வைப்பார்கள். மூன்று நடுவர்கள் ருசி பார்த்துப் பரிசு சொல்வார்கள். பன்னிரண்டு வருடமாக அப்பாவின் நாக்குதான் கடைசித் தீர்ப்பு. கிளைவ் டனெட் ஒரு சிப்பியைத் தின்றுவிட்டு, அது ஆற்றின் எந்த வளைவில் வளர்ந்தது என்று சொல்வார் என்பது இந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும்.

"கேலம் கடையில பன்னெண்டரைக்கு விருந்து. நூத்திருபது பேராம்," என்றாள் அம்மா, சுவரிடம் சொல்வது போல.

அப்பா உப்புக் குப்பியை மறுபடி எடுத்தார். கேலம் என் அண்ணன்; அவன் பெயர் வந்தால் அவர் பதில் சொல்வதில்லை. கிறிஸ்துமஸ் அன்று கேலம் சமைத்த விருந்தை எல்லோர் முன்னாலும் தள்ளி வைத்து, "சுண்ணாம்பத் தின்ன மாதிரி இருக்கு. நீ சமைக்கப் போறியா?" என்று கேட்டாரே, அன்றிலிருந்து. புத்தாண்டன்று கேலம் பண்ணையை விட்டுப் போய், படகுத்துறை முனையில் இருந்த பழைய ஐஸ் கிடங்கில் சாப்பாட்டுக் கடை திறந்தான். ஐந்து மாதமாக இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

ஆனால் அன்று காலை அப்பா விசில் அடித்துக்கொண்டே போனார். அதையும் நான் கவனித்தேன். கவனித்துவிட்டு விட்டுவிட்டேன்.

ஒன்பது மணிக்கெல்லாம் படகுத்துறைத் திடல் நிரம்பிவிட்டது. எங்கள் திருவிழாவில் ஒரு விதி உண்டு. எந்தக் கடையானாலும் சிப்பி வந்த ஆற்றின் பெயரைக் கரும்பலகையில் எழுதி முன்னால் வைக்க வேண்டும். எங்கள் பலகையில் நான் எழுதியது 'டுராமா'. தெற்கே இரண்டு மணி நேரம் தள்ளி இருக்கும் ஆறு. அங்கே மழை இல்லை. ஊரின் பதினொரு பண்ணைக் குடும்பங்களும் அங்கிருந்துதான் வாங்கி வந்திருந்தன.

"பெல்லவாரா திருவிழாவுல பெல்லவாரா சிப்பி இல்லையா?" என்றார் வெயில் தொப்பி போட்ட ஒருவர். "கான்பராலேர்ந்து மூணு மணி நேரம் வண்டி ஓட்டிட்டு வந்திருக்கேன்."

"மழையும் மேலேர்ந்துதான் வந்துச்சு சார். அதுகிட்ட கேளுங்க," என்றாள் அம்மா, சிப்பி திறக்கும் கத்தியை நிறுத்தாமல்.

"வேற ஊர்ச் சரக்க விக்கிறதுக்கு எதுக்கு திருவிழா?"

"எந்த ஊர்னு எழுதி வச்சிருக்கோம்ல? படிக்கத் தெரியும்னா வாங்குங்க."

அவர் ஒரு டஜன் வாங்கிக்கொண்டுதான் போனார். ஆனால் அதே கேள்வி, அதே குரல், ஐம்பது முறை. பதினொரு மணிக்குள் என் காது புளித்தது. அப்போதுதான் அடுத்த கடை டெஸ் தலையை நீட்டினார். எங்களைப் போலவே பண்ணைக்காரர். நாக்கில் கத்தி வைத்திருப்பவர்.

"ஏன் நெரிடா, உங்க அண்ணன் கடைப் பலகையப் பாத்தியா? 'பெல்லவாரா'ன்னு போட்டிருக்கான். உங்க வீட்டுக்கு மட்டும் ஆறு தனியா ஓடுதோ?"

"மழைக்கு முன்னால எடுத்ததா இருக்கும்."

"இருக்கும், இருக்கும். எங்களுக்குத்தான் அந்த யோசனை வரல பாரு."

மழைக்கு முன் எடுத்ததை விற்கலாம். அதில் தப்பில்லை. குளிர் அறையில் இரண்டு வாரம்கூட உயிரோடு கிடக்கும். ஆனால் எங்கள் பண்ணையில் திங்கட்கிழமை எடுத்தது அத்தனையும் சிட்னிக்குப் போய்விட்டது. லாரியில் ஏற்றியது நான். மற்றப் பண்ணைகளிடமும் மிச்சம் இல்லை. இருந்திருந்தால் டெஸ் டுராமாவுக்கு வண்டி ஓட்டியிருக்க மாட்டார்.

கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினேன்.

கேலமின் கடை வாசலில் பலகை சாய்ந்து நின்றது. 'பெல்லவாரா. மழைக்கு முன் எடுத்தது.' உள்ளே நீள மேஜைகள், வெள்ளைத் துணி, நூற்றிருபது நாற்காலி. சமையலறையில் கேலமும் இரண்டு பெண்களும் வரிசையாகச் சிப்பி திறந்துகொண்டிருந்தார்கள். ஐஸ் தட்டுகள் பாதி நிறைந்திருந்தன.

"வாங்க மகாராணி," என்றான் கேலம். "இப்பதான் வழி தெரிஞ்சுதா?"

நான் ஒரு சிப்பியை எடுத்து வாயில் விட்டேன்.

நல்ல சிப்பி முதலில் உப்பாக அறையும். பிறகுதான் கொழுப்பு, பிறகு ஓர் இனிப்பு. இதில் முதல் அறை இல்லை. தண்ணீர். மண் வாசனையோடு சப்பென்று ஆற்றுத் தண்ணீர். அதைத் தொட்டியில் துப்பினேன். என் நாக்குதான் தப்போ என்று இன்னொன்றை எடுத்தேன். அதையும் துப்பினேன்.

"என்ன பண்ற நீ?"

"இது மழைக்கு அப்புறம் எடுத்தது."

"வாய மூடு. ஆளுங்க இருக்காங்க."

"மழைக்கு அப்புறம் எடுத்தது, கேலம்! உப்பே இல்ல!"

அவன் கத்தியை மேஜையில் குத்தி நிறுத்திவிட்டு, காலி மூட்டையிலிருந்து ஒரு சீட்டை அறுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினான். "தேதியப் படி. திங்கட்கிழமை. கையெழுத்து யாரோடது? சொல்லு, யாரோடது?"

என்னுடையது. ஏழின் நடுவில் நான் போடும் சின்னக் கோடு உட்பட.

காலி டப்பா கண் முன்னால் வந்தது. அதோடு, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு நிம்மதியும் வந்தது. நான் தப்பாக எண்ணவில்லை.

"இது டப்பாவுல மிச்சம் இருந்த சீட்டு. யாரு குடுத்தா உனக்கு?"

கேலம் அந்த இரண்டு பெண்களையும் வெளியே போகச் சொன்னான். அவர்கள் போனதும் குரலைத் தாழ்த்தினான். தாழ்த்தியதால் கோபம் கூடித்தான் தெரிந்தது.

"அப்பா."

"எப்போ?"

"வியாழன் சாயங்காலம். படகுலயே கொண்டு வந்து இறக்கினாரு. ஏழு மூட்டை. இந்த வாசப்படிய முதல் தடவையா மிதிச்சாரு, நெரி. 'பெல்லவாரா விருந்துன்னு போட்டுட்டு டுராமா சிப்பி வச்சா ஊரு சிரிக்கும்'னாரு. 'உனக்காக எடுத்து வச்சிருந்தேன்'னாரு. அஞ்சு மாசம் கழிச்சு. என் தோள்ல கை வச்சாரு. தெரியுமா உனக்கு?"

"ருசி பாத்தியா?"

"என்ன?"

"நீ சமையல்காரன்தானே? ஒண்ணு எடுத்து ருசி பாத்தியா?"

"கிளைவ் டனெட் கொண்டு வந்த சிப்பிய எவன்டி ருசி பாப்பான்?"

அதுதான் எங்கள் ஊர் செய்யும் தப்பு. அன்றைக்கு வரை நானும் செய்திருப்பேன்.

இப்போது அவனே ஒன்றை எடுத்துத் தின்றான். மெல்லும்போதே முகம் மாறியது. துப்பவில்லை, துப்ப மறந்து நின்றான்.

அப்பாவை நான் மேடைக்குப் பின்னால் பிடித்தேன். மற்ற நடுவர்களோடு சிரித்துக்கொண்டிருந்தார். "கேலம் கூப்பிடறான்" என்றதும் முகம் மலர்ந்து கூடவே வந்தார். அந்த மலர்ச்சியை நினைத்தால் இப்போதும் எரிகிறது.

கதவைச் சாத்தினேன். மணி பதினொன்று ஐம்பது.

"வியாழக்கிழமை எடுத்தீங்களா?" என்றேன்.

அவர் மறுக்கவில்லை. "ஆத்து முகத்துல இருக்கு நம்ம சிப்பிக் கூடை. ரெண்டு கடல் ஏத்தம் வந்தா உப்பு திரும்பிடும். நானே தண்ணிய வாயில வச்சுப் பாத்தேன். உப்பு கரிச்சுது. ஆபீஸ்காரன் சோதனைக்குத் தண்ணிக் குப்பிய அனுப்பி, குப்பி திரும்பி வந்து... அதுவரைக்கும் காத்திருக்கணுமா? எனக்குத் தெரியாத ஆறா?"

"என் சீட்ட எடுத்து மாட்டியிருக்கீங்க!"

"சும்மா கெடந்த சீட்டு."

"அது சும்மா கெடக்கல! என் கையெழுத்து அதுல இருக்கு!"

"கத்தாத. உப்பு இருக்குன்னு சொல்றேன்ல?"

கேலம் அதுவரை முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். இப்போது ஒரு சிப்பியைத் திறந்து குழாயடியில் பிடித்தான். நான் பார்த்தேன், அப்பா பார்க்கவில்லை. திறந்த சிப்பியைக் குழாயில் கழுவுவது எங்கள் ஊரில் கெட்ட வார்த்தை பேசுவதைவிட மோசம். கடல் முழுக்கப் போய்விடும். மிச்சம் வெறும் சவ்வு. கேலம் மூன்று முறை கழுவினான். ஐஸில் வைத்தான். திரும்பி அப்பாவிடம் நீட்டினான்.

"இதச் சொல்லுங்கப்பா. எப்படி இருக்கு?"

அப்பா வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டார். மென்றார். தலையை மெல்ல ஆட்டினார்.

"கடல் அப்படியே இருக்கு. பெல்லவாரான்னா இதுதான்டா."

குழாய் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. அப்பா கண்ணைத் திறந்தார். எங்கள் முகங்களைப் பார்த்தார். பிறகு குழாயைப் பார்த்தார்.

யாரும் விளக்கம் சொல்லத் தேவை இருக்கவில்லை.

"எப்பலேர்ந்து?" என்றேன்.

"என்ன எப்பலேர்ந்து?"

"ருசி."

அவர் நீல நாடாவைத் தடவினார். "ஆகஸ்ட்ல காய்ச்சல் வந்துச்சே. அது போச்சு. இது வரல. வந்துடும்னு பாத்தேன்."

ஆகஸ்ட். நான் மனத்துக்குள் மாதங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். கேலம் எனக்கு முன்னால் எண்ணி முடித்துவிட்டான்.

"கிறிஸ்துமஸ்ல," என்றான். மறுபடி சொன்னான். "கிறிஸ்துமஸ்ல எதத் தின்னாலும் உங்களுக்குச் சுண்ணாம்புதான். பச்சத் தண்ணியும் சுண்ணாம்புதான். அது தெரிஞ்சுக்கிட்டே, அத்தன பேர் முன்னால என் சாப்பாட்டத் தள்ளி விட்டீங்க."

"எனக்கு மட்டும்தான் ருசி தெரியலன்னு யாருக்குத் தெரியும்? நெசமாவே நல்லா இல்லையோன்னு..."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்! நாக்கு போச்சுடான்னு ஒரு வார்த்த! நான் நாலு மாசம் தூங்கலப்பா. ஒவ்வொரு கொழம்பையும் பத்து தடவ நக்கிப் பாத்துட்டு, நமக்குத்தான் கை இல்லன்னு..." கேலம் மேஜை மேலிருந்த ஐஸ் தட்டை அப்படியே கவிழ்த்தான். ஐஸும் சிப்பியும் தரை முழுக்கச் சிதறின. "தோள்ல கை வச்சீங்களே! வெஷத்த இறக்கிட்டுத் தோள்ல கை வச்சீங்களே!"

வெளியே நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது. விருந்தினர்கள் வரத் தொடங்கிவிட்டார்கள்.

அப்பா தணிந்த குரலில் பேசினார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "சரி. இத எடுத்துப் போட்டுடுங்க. சீட்டுல தேதி தப்பாப் போச்சுன்னு சொல்லிடலாம். எழுத்துப் பிழை. நெரி சின்னப் பொண்ணு, யாரும் பெருசா எடுத்துக்க மாட்டாங்க."

சில நொடிகள் நான் அதை யோசித்தேன். மறைக்காமல் சொல்கிறேன், யோசித்தேன். எல்லாத் தப்பும் என்னுடையதாக இருக்கலாம் என்று நினைத்தே பழகியவளுக்கு, இன்னும் ஒன்று பாரமா?

"இல்ல," என்றேன்.

"நெரி..."

"தேதி சரி. மூட்டைதான் தப்பு. முப்பது சீட்டு எழுதினேன், இருபத்திரண்டு மாட்டினேன். எனக்கு எண்ணத் தெரியும்ப்பா. வெள்ளிக்கிழமை பூரா நான் ஒரு லூசுன்னு நெனச்சுக்கிட்டுத் திரிஞ்சேன். நீங்க எதிர்ல ஒக்காந்து முட்ட தின்னுக்கிட்டிருந்தீங்க. வடக்க ஒரு ஆத்துல சிப்பி தின்னு ஊரே வாந்தி எடுத்துச்சே, அந்தப் பேரு நிமிர நாலு வருஷம் ஆச்சுன்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதான். அது இன்னிக்கு நம்ம பதினோரு வீட்டுக்கும் வந்திருக்கும். அதையும் என் எழுத்துப் பிழைன்னு சொல்லியிருப்பீங்களா?"

அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

அடுத்த இருபது நிமிடம் யாரும் யாரையும் பார்க்கவில்லை. கேலம் எல்லாச் சிப்பியையும் குப்பைப் பீப்பாயில் கொட்டி, யாரும் எடுத்துவிடாதபடி மேலே பிளீச்சிங் திரவத்தை ஊற்றினான். நான் ஓடிப்போய் அம்மாவிடம் இரண்டு வரியில் சொன்னேன். அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அதான் உப்பு," என்றாள். அவ்வளவுதான். பிறகு எங்கள் கடையிலிருந்த டுராமா மூட்டைகள் மூன்றையும் தள்ளுவண்டியில் ஏற்றினாள். முந்நூற்றறுபது சிப்பி. ஆளுக்கு மூன்று.

கேலம் வாசல் பலகையை ஈரத் துணியால் துடைத்து 'டுராமா' என்று எழுதினான். நூற்றிருபது பேர் முன்னால் போய் நின்றான்.

"உங்களுக்கு பெல்லவாரா தர்றேன்னு சொல்லியிருந்தேன். தர மாட்டேன். ஆறு மூடியிருக்கு. எனக்கு வந்த சரக்கு மழைக்கு அப்புறம் எடுத்தது. ருசி பாக்காம வாங்கினது என் தப்பு. ஆளுக்கு ஆறு சிப்பிக்குப் பதிலா மூணுதான் இருக்கு. போறவங்க போகலாம்."

முணுமுணுப்பு எழுந்தது. ஏழெட்டுப் பேர் எழுந்து போனார்கள். "ஏமாத்து வேலை," என்றது ஒரு குரல். கடைசி மேஜையிலிருந்த கான்பரா தொப்பிக்காரர் மட்டும், "அட, எந்த ஊர்னு எழுதி வச்சிருக்கான்ல? ஒக்காருங்கய்யா," என்றார்.

நான் சமையலறையில் மண்டியிட்டு, காலி மூட்டைகளிலிருந்து சீட்டுகளை அறுத்துச் சேர்த்தேன். ஏழு. இன்னொரு முறை எண்ணினேன். ஏழுதான். கேலம் சொன்னதும் ஏழு மூட்டை. டப்பாவில் இருந்ததோ எட்டு.

இந்த முறை என்னை நான் சந்தேகிக்கவில்லை.

"அப்பா, எட்டாவது எங்க?"

திரும்பினேன். அவர் அங்கே இல்லை. ஒலிபெருக்கி அறிவித்துக்கொண்டிருந்தது: "தலைமை நடுவர் கிளைவ் டனெட் இப்போது மூன்றாம் தட்டை..."

ஓடினேன். கேலமும் பின்னால் வந்தான். மேடையில் நீள மேஜை. ஐந்து தட்டுகள், தட்டுக்கு ஆறு சிப்பி. மூன்றாம் தட்டு முடிந்திருந்தது. இருபதடி தள்ளி நின்றே நான்காம் தட்டை அடையாளம் கண்டேன். எங்கள் கூடையில் உருண்டு உருண்டு விளிம்பு மழுங்கிய ஓடு. வேறெந்த ஆற்றிலும் அப்படி வராது. நாக்கு கைவிட்டாலும் ஓட்டைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம் என்று, எட்டாவது மூட்டையை அவரே போட்டியில் சேர்த்திருக்கிறார். பரிசு கொடுக்க.

மற்ற இரண்டு நடுவர்களின் கைகள் அந்தத் தட்டை நோக்கி நீண்டன.

"அப்பா!" என்று கத்தினேன்.

அவர் என்னைப் பார்த்தார். ஒலிவாங்கி அவர் முன்னால்தான் இருந்தது. ஒரே ஒரு வார்த்தை போதும்.

அப்பா நான்காம் தட்டைத் தன் பக்கம் இழுத்தார். ஒன்றை எடுத்து விழுங்கினார். இரண்டாவது. மூன்றாவது. கூட்டம் சிரிக்க ஆரம்பித்தது. "கிளைவுக்குப் பசிடோய்!" என்று டெஸ் கூவினார். நான்கு. ஐந்து. கைதட்டல். முன்வரிசையில் அம்மா மட்டும் கை தட்டாமல் நின்றாள். ஆறாவதையும் விழுங்கிவிட்டு, காலித் தட்டை மேஜைக்குக் கீழே வைத்தார்.

உண்மையைச் சொல்வதற்குப் பதில் அதைத் தின்றுவிட்டார். எனக்கு அழுகை வரவில்லை. மேடை ஏறி அந்த நாடாவைப் பிய்த்தெறிய வேண்டும் போல இருந்தது.

"நெரி," என்றான் கேலம் என் காதருகே. "ஒரு மூட்டையில எத்தன?"

"நூத்திருபது."

"தட்டுல ஆறு. மீதி?"

இருவரும் ஒன்றாகத் திரும்பிப் பார்த்தோம். மேடைக்குப் பக்கத்துப் பந்தலில், நடுவர்கள் ருசித்ததைப் பொதுமக்களும் ருசிக்கலாம் என்று எழுதி வைத்திருந்தார்கள். நான்காம் எண் மேஜையின் முன்னால்தான் வரிசை மிக நீளமாக இருந்தது.